பல கிளை, ஒரே வேர்

கேள்வி: ஒரே வேலையைச் செய்பவருக்குத்தானே கை படியும்? சினிமா, கர்நாடகம், சிம்பொனி என எல்லாவற்றையும் தொட்ட இளையராஜா எதில் ஆழம் கண்டார்?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: உங்கள் ஊர் கார் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். லைனில் நிற்பவருக்கு ஒரு வேலை போதும். லைனை வடிவமைப்பவருக்கு எல்லா வேலையும் தெரிந்தாக வேண்டும். இசையமைப்பாளர் இரண்டாமவர். ‘சிந்து பைரவி’யின் (1985) ‘பாடறியேன்’ பாட்டைக் கேளுங்கள். நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, ஸ்வரங்களாக விரிந்து, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. எங்கும் ஒட்டுத் தெரியாது. இரண்டும் சாரமதி ராகம். காம்போதியில் பாடப்பட்டுவந்த கீர்த்தனையை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் காம்போதி வடிவம் கச்சேரி மேடையில் அப்படியே வாழ்கிறது. வயல் பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் வேர் ஒன்றே என்று காட்ட இந்த மாற்றம் தேவைப்பட்டது. இரண்டையும் உள்ளிருந்து அறிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும்.

சிம்பொனி பிற்கால ஆசை என்பதும் சரியல்ல. முதல் படமான ‘அன்னக்கிளி’க்கு (1976) முன்பே அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு, 2005-இல் புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் ‘திருவாசகம்’, 2025 மார்ச் 8-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த ‘வேலியன்ட்’ சிம்பொனி: இது நாற்பதாண்டுகள் விடாமல் நடந்த ஒரே பாதை. சினிமாவின் கெடு நேரம் அவரை மேலோட்டமாக்கவில்லை. மனத்தில் கேட்பதை உடனே தாளில் எழுதும் பழக்கத்தை அது நாள்தோறும் கூர்தீட்டியது. பல துறை என்பது சிதறல் அல்ல. ஆழம் பக்கவாட்டிலும் வேர் விடும்.