எறும்பு ஊரக் கல்லும் தேயும்: கூழாங்கல் மெருகேற்றும் உருளையைச் செய்யும் முறை



'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அதனைச் சொல்லி வருகிறோம். ஆயினும் அஃது ஓர் அறிவியல் உண்மையும் ஆகும். நம் பாட்டிமார் அரைத்த அம்மியை உற்றுநோக்குங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். மிளகாயும் மஞ்சளும் கல்லைத் தேய்த்துவிட்டன என்று சொன்னால் யாரும் நம்பார். குழவி என்னும் மற்றொரு கல் நாள்தோறும் உராய்ந்தமையால் விளைந்த தேய்வே அது.

எறும்புக்குப் பல்லாண்டுகள் பிடிக்கும் வேலையை நான்கு வாரங்களில் முடித்துத் தரும் எளிய கருவியொன்று உண்டு. கரடுமுரடான கல்லை உள்ளே இட்டால், கண்ணாடிபோல் பளபளக்கும் கல்லாக அது வெளிவரும். நம் தோட்டத்துப் பெற்றோர் பலர் விடியற்காலையில் இரண்டாம் பாலத்தைக் கடந்து துவாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்கின்றனர். உருளை, பெல்ட், பேரிங், மோட்டார் ஆகியவை அவர்கள் கைபழகியவை. ஆதலால் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற கருவி இதுவெனக் கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. இயற்கை அன்னையின் உருளை

மலையில் உடைந்த பாறைத்துண்டு கூரிய முனைகளோடு ஆற்றில் விழுகிறது. வெள்ளம் அதனை உருட்டிச் செல்கிறது. கல்லோடு கல் மோதி முனைகள் உடைகின்றன; மணலோடு உராய்ந்து பரப்பு வழவழப்பாகிறது. இவ்வாறு பிறப்பதே கூழாங்கல்.

துவாஸும் ஜூரோங்கும் அமைந்துள்ள சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், மணற்பாறை, களிப்பாறை முதலிய படிவுப் பாறைகள் நிலத்தடியில் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள். அவற்றிடையே, உருண்ட கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய பாறைகளும் காணப்படுகின்றன. மனிதன் தோன்றுவதற்கு மிக முன்னரே ஏதோ ஓர் ஆறு அக்கற்களை உருட்டி மெருகிட்டது என்பதற்கு அவை சான்றாகும்.

சிங்கப்பூரின் நடுவிலுள்ள புக்கிட் தீமாவும் வடகிழக்கிலுள்ள புலாவ் உபின் தீவும் கருங்கல் நிலங்கள். 1851இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் புலாவ் உபின் கருங்கல்லால் கட்டப்பட்டது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட பழைய தரைப்பாலத்திற்கும் இவ்விரு இடங்களின் கல்லே பயன்பட்டது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் துவாஸில் சென்று சேர்கிறது. இன்றைய துவாஸின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுக்கப்பட்ட நிலம். இத்தகைய கரைகளில் அலையைத் தடுக்க அடுக்கிய கற்களைப் பாருங்கள். வெடிவைத்துப் பிளந்தவை ஆதலால் அவை கூர்முனை மாறாமல் இருக்கும். ஆற்றுக் கூழாங்கல்லையும் கரையின் உடைகல்லையும் ஒப்பிட்டு நோக்கினால், உருளுதல் என்ன செய்கிறது என்பது எளிதில் விளங்கும்.

2. கைத்தொழிலாளர் கண்ட வழி

கல்லை மெருகிடும் கலை நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' எனக் குறிக்கப்படும் ஊர் இதுவே என்பர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு தொடங்கி அங்கு நடத்திய அகழாய்வுகளில், பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றாலான மணிகள் கிடைத்தன. சில முழுமை பெற்றவை. சில பாதி வேலையில் நின்றவை. அங்கு மணித்தொழில் செழித்திருந்தது என்பதற்கு அவ்வரைகுறை மணிகளே சிறந்த சான்று.

குஜராத்தில் உள்ள காம்பே என்னும் கம்பாத் நகரில் சூதுபவள மணித்தொழில் இன்றும் நடைபெறுகிறது. அங்குப் பண்டைய மெருகு முறை மிக எளிமையானது. மணிகளைச் சாணைத்தூளுடனும் நீருடனும் ஒரு தோற்பைக்குள் இட்டு வாயை இறுகக் கட்டுவர். அறையின் இரு முனைகளிலும் இருவர் அமர்ந்து, அப்பையை இங்கும் அங்குமாக மாறி மாறி இழுப்பர். இவ்வாறு இரு வாரம் அளவும் உருட்டினால் மணிகள் பளபளக்கும். நாம் செய்யவிருக்கும் கருவியின் தந்தை இத்தோற்பையே. இழுக்கும் கைகளுக்கு மாற்றாக மோட்டாரை வைக்கிறோம், வேறொன்றும் இல்லை.

3. கருவியின் உறுப்புகள்

உருளை: 15 சென்டிமீட்டர் உள்விட்டமும் 20 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பி.வி.சி. குழாய்த்துண்டு போதும். ஒரு பக்கத்தை ஒட்டு மூடியால் நிலையாக அடைக்க வேண்டும். மறுபக்கத்திற்கு, இறுக்குப் பட்டையுடன் கூடிய இரப்பர் மூடி பொருந்தும். பழைய வண்டி டியூபை வெட்டி உட்புறம் ஒட்டினால் ஓசை குறையும், குழாயும் தேயாது. இரப்பர் மரத்தின் நிழலில் வாழும் நமக்கு இரப்பரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

தாங்குதண்டுகள்: இரண்டு இரும்புத் தண்டுகளின்மேல் இரப்பர் குழாயைச் செருகி, மொத்த விட்டம் இரண்டரை சென்டிமீட்டர் ஆகுமாறு செய்க. இரு தண்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, மரச்சட்டத்தில் பொருத்திய பேரிங்குகளில் சுழல வேண்டும். உருளை இவற்றின்மேல் படுத்திருக்கும். ஒரு தண்டை மோட்டார் சுழற்றும். மற்றது தானே சுழலும். உருளை பக்கவாட்டில் நழுவாதிருக்க இரு முனைகளிலும் சிறு தடைக்கட்டை வைக்கவும்.

மோட்டார்: நிமிடத்திற்கு 1400 சுற்றுச் சுழலும் கால் குதிரைத்திறன் மோட்டார் போதுமானது. அதன் அச்சில் 5 சென்டிமீட்டர் கப்பியும், தண்டின் முனையில் 22 சென்டிமீட்டர் கப்பியும் பூட்டி, பெல்ட்டால் இணைக்கவும்.

4. வேகக் கணக்கு

உருளை மிக மெதுவாகச் சுழன்றால் கற்கள் அசையா. மிக விரைவாகச் சுழன்றாலோ, அவை சுவரோடு ஒட்டிக்கொண்டு உடன் சுழலும்; ஒன்றோடொன்று உராயா. கற்கள் ஒட்டிக்கொள்ளும் வேகத்தைக் கணக்கிட ஒரு விதி உண்டு. 42.3 என்னும் எண்ணை, மீட்டரில் அளந்த உள்விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் உருளையின் உள்விட்டம் 0.15 மீட்டர். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.387. வகுத்தால் நிமிடத்திற்கு 109 சுற்று என வரும். இதில் பாதியளவே ஏற்ற வேகம்.

இனி நம் கருவியின் வேகத்தைக் காண்போம். 1400ஐ 5ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால், தண்டின் வேகம் ஏறத்தாழ 318. உருளையின் வெளிவிட்டம் 16 சென்டிமீட்டர். தண்டின் விட்டம் 2.5 சென்டிமீட்டர். 16ஐ 2.5ஆல் வகுத்தால் 6.4. ஆகவே 318ஐ 6.4ஆல் வகுக்க, உருளையின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 சுற்று. வேண்டிய வேகம் கிட்டிவிட்டது!

நிமிடத்திற்கு 50 சுற்று எனில் ஒரு நாளில் 72,000 சுற்று; ஒரு வாரத்தில் 5,04,000 சுற்று. எறும்பின் பொறுமை இயந்திரத்திற்கும் வேண்டும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

5. கல் தேர்வு

1812இல் பிரெடரிக் மோஸ் என்னும் அறிஞர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். சுண்ணாம்புக் கனிமம் 3, பளிங்குக்கல் 7, குருந்தம் 9, வைரம் 10. நமக்கு ஏற்றது பளிங்கு இனக் கல்லே. ஓடைகளில் கிடைக்கும் வெண்ணிறப் பளிங்குக் கூழாங்கற்களைத் தேர்ந்தெடுக்கலாம். பேனாக்கத்தியால் கீறிப்பாருங்கள். கோடு விழுந்தால் அக்கல் மென்மையானது, விட்டுவிடுக.

செம்பூரான் கல் உதிர்ந்துவிடும். சுண்ணாம்புக்கல்லும் பவளப்பாறையும் மிக மென்மையானவை. கருங்கல்லில் பளிங்கோடு அபிரகமும் கலந்திருப்பதால் ஒரே சீராக மெருகேறாது. விரிசலுள்ள கல் உள்ளே உடைந்து மற்றக் கற்களைக் கீறும். ஒரே கடினமுள்ள கற்களையே ஒருசேர இடவேண்டும். அளவில் மட்டும் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கலாம்.

6. நான்கு வாரப் பணி

உருளையில் மூன்றில் இரண்டு பங்கு அளவிற்குக் கற்களை இடுக. ஒரு கிலோ கல்லுக்கு மூன்று மேசைக்கரண்டி சாணைத்தூள் சேர்க்கவும். மேலடுக்குக் கற்களின் அடிப்பகுதியைத் தொடும்வரை நீர் ஊற்றவும்.

முதல் வாரம் 60 முதல் 90ஆம் எண் வரையிலான பருந்தூள். இரண்டாம் வாரம் 120 முதல் 220 வரையிலான நடுத்தரத் தூள். மூன்றாம் வாரம் 500ஆம் எண் நுண்தூள். உப்புத்தாளின் முதுகில் காணும் எண்களைப் போன்றவையே இவையும். எண் கூடக்கூடத் தூள் நுண்ணியதாகும். இம்மூன்றும் சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளால் ஆனவை. 1891இல் எட்வர்டு அச்சிசன் என்பார் மின்னுலையில் இதனைக் கண்டறிந்தார். மணலையும் கற்கரியையும் சேர்த்துக் காய்ச்சி இதனைச் செய்கின்றனர். குருந்தத்தினும் கடியது, வைரத்தினும் மென்மையானது.

நான்காம் வாரம் மெருகுத்தூள். இஃது அலுமினிய ஆக்சைடு, அதாவது குருந்தம். 'குருந்தம்' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று 'கொரண்டம்' என வழங்குகிறது என்பதை மாணவர்கள் அறிந்து மகிழ்க.

வாரந்தோறும் கல்லையும் உருளையையும் பலமுறை கழுவவேண்டும். பருந்தூளின் ஒரு துகள் எஞ்சினாலும் அடுத்த வார உழைப்பு வீணாகும். முதல் சில நாள்களில் நாளுக்கு ஒருமுறை உருளையை நிறுத்தி, மூடியைச் சற்றே தளர்த்துக; உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் மிகக்கூடும். சேற்றுநீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அது படிந்து இறுகிக் குழாயை அடைத்துவிடும். ஈரம் காயுமுன் மண்ணில் குழிதோண்டி ஊற்றி மூடிவிடுக.

மின்னிணைப்பைத் தேர்ச்சி பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும். மோட்டாருக்கு நிலத்தொடர்பும் பெல்ட்டுக்கு மூடியும் இன்றியமையாதவை. பெரியவர் இல்லாதபோது பிள்ளைகள் கருவியைத் தொடுதல் கூடாது.

7. பளபளப்பின் விலை

இவ்வளவு நீர் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். இக்கேள்விக்கான விடையே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி.

பளிங்கும் மணலும் சிலிக்கா என்னும் பொருளால் ஆனவை. உலர்ந்த நிலையில் அவற்றை அரைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி எழும். மூச்சோடு உட்சென்ற அத்தூசி நுரையீரலில் தங்கி வடுவை உண்டாக்கும். நாளடைவில் மூச்சு வாங்கும், இருமல் வரும், காசநோயும் எளிதில் பற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைத் தடுக்க இயலும். ஆனால் வந்தபின் முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை.

காம்பே நகரில் மணிகளைச் சாணைச் சக்கரத்தில் உலர அரைத்த ஏழைத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். வீடே பட்டறையாக இருந்தமையால் தூசி குடும்பத்தாரையும் அண்டை வீட்டாரையும் விடவில்லை. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் இதனை ஆராய்ந்து உலகிற்கு எடுத்துரைத்துள்ளனர். சிங்கப்பூரின் கருங்கல் உடைப்பிடங்களிலும் முற்காலத்தில் இந்நோய் கண்டது. சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் நாள் அக்கல்லையே தடை செய்தது.

துவாஸ் செல்லும் பெற்றோர்களே! கான்கிரீட்டைத் துளைப்பதும் அறுப்பதும், ஓடு வெட்டுவதும், கல் தேய்ப்பதும் உங்களில் சிலருக்கு அன்றாட வேலையாக இருக்கக்கூடும். கான்கிரீட்டிலும் மணல் உண்டு. ஆகையால் நீர் தெளித்து அறுக்கும் வசதியைக் கேட்டுப் பெறுங்கள். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று ஆன முகக்கவசத்தை முகத்தில் படியுமாறு அணியுங்கள். சிங்கப்பூர்ச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோயாக ஏற்றுள்ளது. காலந்தோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையையும் மார்பு ஊடுகதிர்ப்படத்தையும் தட்டிக்கழிக்க வேண்டா. வேலை உடையை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் ஈட்டலாம். நுரையீரலை ஈட்ட முடியாது.

8. சிறுவர்க்கு ஒரு சோதனை

மின்சாரமும் தூளும் இன்றி முதலாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க சோதனை இது. கட்டிக் கற்கண்டு இருபது துண்டுகளை எடுத்து நிறுத்து எழுதிக்கொள்க. மூடியுள்ள புட்டியிலிட்டு 200 முறை குலுக்குக. பின் துண்டுகளை மட்டும் எடுத்து மீண்டும் நிறுக்கவும். முனைகள் மழுங்கியிருக்கும், எடை குறைந்திருக்கும், குறைந்த எடை புட்டியின் அடியில் மாவாகக் கிடக்கும். மேலும் 200 முறை குலுக்கி ஒப்பிடுக. சோதனை முடிந்தபின் கற்கண்டை வீணாக்காமல் பாலில் கலந்து பருகுக!

பயிற்சி வினாக்கள்

அ. உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள உருளையில் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வேகம் யாது? ஏற்ற வேகம் யாது?
ஆ. செம்பூரான் கல்லையும் பளிங்கையும் ஒன்றாக இட்டால் என்ன நேரும்?
இ. பருந்தூளுக்குப்பின் உடனே மெருகுத்தூளை இட்டால் கல் பளபளக்குமா? காரணம் கூறுக.
ஈ. உங்கள் வீட்டில் தூசியுள்ள வேலைக்குச் செல்வோர் யாவர்? அவர்களிடம் முகக்கவசம் உள்ளதா எனக் கேட்டு எழுதி வருக.

நான்காம் வினாவின் விடையை ஆசிரியரிடம் காட்டுவதோடு நில்லாமல் அப்பாவிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். நன்கு மெருகேறிய ஒரு கல்லைப் பள்ளியின் அறிவியல் மேசைக்கு அனுப்பி வையுங்கள். கல் மெருகேறுக, அதனைச் செய்த கைகள் நலமுடன் வாழ்க!