நம்பிக்கைகளும் உண்மைகளும்: லேத் பட்டறைக்குக் கடன் தரத் தடையா?

“சார், நம்ம லைனையே ரிசர்வ் பேங்க்ல மூடிட்டாங்களாமே?”

முகப்பேர் மேற்கில் தொடங்கி அம்பத்தூர் எஸ்டேட் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று இந்தப் பக்கம் பலருக்குத் தெரியும், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். லேத் பட்டறை, ஃபவுண்டரி, ஆட்டோ பார்ட்ஸ் ஜாப் ஒர்க் ஆகியவற்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று மும்பையிலிருந்து எல்லா வங்கிக்கும் ரகசியப் பட்டியல் வந்துவிட்டதாம். மின்சார வண்டி வரப்போவதால் எஞ்சின் பார்ட்ஸ் செய்பவருக்கு இனி ஒரு பைசாவும் கிடையாதாம். இதை நம்பி, விண்ணப்பமே போடாமல் மாதம் மூன்று வட்டிக்குத் தனியாரிடம் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்படி ஒரு பட்டியல் கிடையாது. வங்கிகள் எதற்குக் கடன் தரக் கூடாது என்பதற்கு விதிகள் இருக்கின்றன, அவை ரகசியமும் அல்ல. தன்னுடைய சொந்தப் பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு ஒரு வங்கி கடன் தரக் கூடாது, தன் இயக்குநர்களுக்குத் தரக் கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். தங்கம் வாங்கிச் சேர்ப்பதற்குக் கடன் தரக் கூடாது என்று 2012-ல் உத்தரவு வந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களைத் தயாரிக்கும் புது ஆலைகளுக்குத் தரக் கூடாது. லேத்தும் மில்லிங் மெஷினும் இதில் எங்கே வருகின்றன?

ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது இதற்கு நேர் எதிரானது. வணிக வங்கி தன் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். அதற்குள்ளேயே குறுந்தொழில்களுக்கு மட்டும் 7.5 சதவீதம் என்று தனி இலக்கு உண்டு. இலக்கு குறைந்தால், விடுபட்ட தொகையை நபார்டு, சிட்பி போன்றவற்றின் நிதிகளில் குறைந்த வட்டிக்குப் போட்டு வைக்க வேண்டும். உங்கள் பட்டறைக்குக் கொடுப்பது வங்கிக்குத் தேவை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தயங்கித் தயங்கி உள்ளே போகிறீர்கள்.

இந்த வதந்திக்கு விதை எது என்றும் எனக்குத் தெரியும். எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி மாதாமாதம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. “தொழில்துறைக் கடன் பங்கு சரிந்தது” என்று அது செய்தியாகிறது. படித்தவர் அதை டீக்கடையில் சொல்கிறார். எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது அது தடை உத்தரவாகிவிடுகிறது.

பங்கு சரிந்தது உண்மைதான். 2013 மார்ச்சில் உணவுக் கொள்முதல் நீங்கலான வங்கிக் கடனில் ஏறக்குறைய 46 சதவீதம் தொழில்துறையிடம் இருந்தது. 2024 மார்ச்சில் அது 22 சதவீதம். ஆனால் யாருடைய பங்கு சரிந்தது என்று பாருங்கள். பெருந்தொழில்களின் கடன் அந்தப் பதினொரு ஆண்டில் சுமார் 18 லட்சம் கோடியிலிருந்து 26 லட்சம் கோடிக்குத்தான் வந்தது. தொழில்துறைக்குள் குறு, சிறு தொழில்களின் கடன் 2.8 லட்சம் கோடியிலிருந்து 7.3 லட்சம் கோடியாக, இரண்டரை மடங்காக, ஏறியது. 2020-ல் சிறுதொழில் வரையறையை விரிவாக்கியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் “மூடிவிட்டார்கள்” என்று சொல்ல இடமே இல்லை. 2025-ல் வந்த மாதக் கணக்குகளில் கடன் வேகமாக வளர்ந்த துறைகளில் பொறியியல் துறையும் ஒன்று. நம் எஸ்டேட்டின் துறை அதுதானே?

பெரியவர்களிடம் வங்கிகள் கையைச் சுருக்கியதற்குக் காரணம் ஊரறிந்தது. மின்சாரம், சாலை, இரும்பு ஆலை என்று அள்ளிக் கொடுத்த கடன்கள் வாராக்கடன் ஆகி, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி 12 பெரிய கணக்குகளைத் திவால் நடவடிக்கைக்கு அனுப்பியது. நாட்டின் வாராக்கடனில் கால் பங்கு அந்தப் பன்னிரண்டிடம் இருந்தது, அவற்றில் ஐந்து இரும்பு உருக்கு நிறுவனங்கள். பத்து லட்சம் வாங்கிய பட்டறைக்காரர் யாரும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அவர்கள் செய்த வினைக்கு நம் ஆட்கள் ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும்?

பணம் எங்கே போனது என்று கேட்டால், வீட்டுக் கடனும் நகைக் கடனும் கிரெடிட் கார்டுமாகத் தனிநபர்களுக்குப் போனது. 2024 மார்ச்சில் அது மட்டும் 53 லட்சம் கோடி. வீட்டுக் கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி 2023 ஜூலையில் வங்கியோடு இணைந்ததும் அந்த எண்ணை உயர்த்தியது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 15 லட்சம் கோடி போனது. பேங்க் தராது என்று பயந்து அந்த நிறுவனங்களிடம் போகிறவர், அதே வங்கிப் பணத்தைத்தான் கூடுதல் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வருகிறார்.

சரி, தடை இல்லையென்றால் ஏன் மறுக்கிறார்கள்? ஒவ்வொரு வங்கியும் எந்தத் துறைக்கு எவ்வளவு வரை போகலாம் என்று தன் இயக்குநர் குழுவில் முடிவு செய்யும். வங்கிக்கு வங்கி அது மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு கிளையில் இல்லை என்றால் அடுத்த தெருவில் இருக்கலாம். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வேலை பார்க்க மனமில்லாத சில மேனேஜர்களுக்கு “உங்க செக்டாருக்கு மேலிடத்துல நிறுத்திட்டாங்க” என்று சொல்லி அனுப்புவது சுலபம். அது முறையல்ல. எந்தத் தொகையானாலும் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2007 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. குறு, சிறு தொழிலுக்கு 25 லட்சம் வரையான விண்ணப்பத்தில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். வாயால் சொன்ன காரணம் பல சமயம் காகிதத்தில் ஏறாது.

மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் கணக்கு. மாதம் 5 லட்சம் கூலி பில் போடும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 60 லட்சம். 1992-ல் நாயக் குழு பரிந்துரைத்து இன்றும் நடைமுறையில் உள்ள முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுவரவில் 20 சதவீதம் நடைமுறை மூலதன லிமிட். 12 லட்சம் வர வேண்டும். ஆனால் பல வேலைக்கு ரொக்கம் வாங்கியாகிறது. இன்னும் கொஞ்சம் ஜிபே வழியாக மனைவி பேரில் உள்ள சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் 30 லட்சம்தான் நிற்கிறது. லிமிட் 6 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

ஜாப் ஒர்க்கில் இன்னொரு சிக்கல். ரவுண்டு பார் பார்ட்டியுடையது. டெலிவரி சலானில் வருகிறது, கடைந்து முடித்ததும் சலானிலேயே திரும்பிப் போகிறது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எழுத உங்களுக்கென்று சரக்கு இல்லை, பில்லில் கூலி மட்டும்தான் இருக்கிறது. அதே பட்டறை இரும்பைத் தானே வாங்கிப் பொருளாக விற்றால் விற்றுவரவும் கூடும், லிமிட்டும் கூடும். மேனேஜர் “ஜாப் ஒர்க்குக்குக் கஷ்டம்” என்று சொன்னது இதைத்தான். அது தடையாகக் காதில் விழுந்துவிட்டது.

மின்சார வண்டி விஷயத்தில் வங்கி கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். ஐந்து ஆண்டுத் தவணையில் விஎம்சி மெஷின் வாங்க வருகிறவரிடம், எந்த பார்ட், யாருக்கு, அது எஞ்சினுக்கா பிரேக்குக்கா என்று கேட்பது நியாயம். பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் மின்சார வண்டியிலும் இருக்கின்றன. இதை எடுத்துச் சொல்லி, கையில் உள்ள பர்ச்சேஸ் ஆர்டரை மேசை மேல் வையுங்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சொத்துப் பத்திரம் இல்லாமல் கடனே இல்லை என்பது தவறு. சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010-லேயே உத்தரவு வந்தது. அதற்கு மேலும் சிறுதொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ நிதியத்தின் உத்தரவாதம் இருக்கிறது, 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. அந்த உத்தரவாதம் இருப்பதால் நாம் கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும் என்பதும் தவறு. அது வங்கியின் நஷ்டத்துக்குத்தான், உங்கள் கடன் அப்படியே நிற்கும். முத்ரா கடன் தள்ளுபடியாகும் என்று காத்திருப்பவர்களே, அது வங்கியின் பணம், தவணையைக் கட்டுங்கள். 59 நிமிடத்தில் கடன் என்ற இணையதளத்தில் கிடைப்பது கொள்கை ஒப்புதல் மட்டுமே, பணம் கிளையில் பரிசீலித்த பிறகுதான் வரும்.

என்னைக் கேட்டால் நம் பட்டறைகளின் உண்மையான கடன் பிரச்சினை வங்கியிலேயே இல்லை, பில் பணம் வராததில் இருக்கிறது. சரக்கை வாங்கிய கம்பெனி 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டறைக்காரர் கடன் தேடி அலைகிறார், பெரிய கம்பெனியின் செலவுக்குச் சின்னவர் வட்டி கட்டுகிறார். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், அதைக்கூடச் செய்யாமல் இந்த உரிமையைக் கேட்க முடியாது.

டிரெட்ஸ் என்ற தளம் இதற்காகவே வந்தது. வாங்கிய கம்பெனி பில்லை ஒப்புக்கொண்டால் வங்கிகள் ஏலம் எடுத்துச் சில நாளில் பணம் தந்துவிடும். கம்பெனி பிறகு கட்டாமல் போனாலும் உங்களிடம் திருப்பிக் கேட்காது. 250 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் பதிவு செய்தாக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. ஆனால் பதிவு மட்டும்தான் கட்டாயம், பில்லை ஏற்றி ஒப்புக்கொள்வது கட்டாயமில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கிறார்கள், அதை அரசு அடைத்தாக வேண்டும்.

தனி ஆளாகப் போய் பில்லை ஏற்றச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்டால் அடுத்த மாதம் ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. எஸ்டேட்டில் சங்கம் இருப்பது அதற்காகத்தான். உங்களிடம் வேலை வாங்கும் கம்பெனிகளில் யார் டிரெட்ஸில் பில் ஏற்றுகிறார்கள், யார் ஏற்றவில்லை என்று அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் பேரில் எழுதிக் கேளுங்கள். உத்யம் எண் இல்லாதவர்கள் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதை வாங்கிவிட்டு வாருங்கள்.