புது நத்தையைக் கண்டால்: கரையில் இறங்கும் இளையோருக்கு ஏழு சொல்

ஓடில்லாத அல்லது மெல்லிய ஓடே உள்ள கடல் நத்தைகளைத் தேடிப் பாறைக் குட்டைகளில் இறங்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே! பழக்கமில்லாத ஒன்று கண்ணில் பட்டதும், ‘அந்நிய இனம் நுழைந்துவிட்டது’ என்று அறிவிக்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. உள்ளூர் நத்தைகளை முதலில் படியுங்கள். வீட்டாரைத் தெரிந்தவருக்குத்தான் விருந்தாளியை அடையாளம் தெரியும். ஒரே பாறைப்பகுதிக்கு எல்லாப் பருவத்திலும் போங்கள். பல இனங்களின் ஆயுள் ஓராண்டைத் தாண்டாது. ஒரு பருவத்தில் மொய்த்துக் கிடப்பது அடுத்ததில் கண்ணிலேயே படாது.

2. யாரும் பார்க்காததை இல்லாதது என்று எழுதாதீர்கள். சங்கும் சிப்பியும் செத்தால் ஓடாவது மிஞ்சும். ஓடில்லா நத்தை செத்தால் தடயமே இராது. ஆகவே பூர்விகம் உறுதியாகாத இனத்தை ‘பூர்விகம் உறுதியாகாதது’ என்றே குறிப்பதுதான் நேர்மை.

3. வந்த வழியை ஊகிக்காதீர்கள். அப்ளிசியா டாக்டைலோமெலா என்ற புள்ளிக் கடல்முயல் 2002இல் மத்தியதரைக் கடலின் லாம்பெதூசா தீவருகே தென்பட்டது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியே எத்தனையோ செங்கடல் உயிர்கள் அங்கே புகுந்திருப்பதால், இதுவும் அப்படித்தான் என்று எண்ண இடமிருந்தது. மரபணுவை ஒப்பிட்டபோது, அது ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கிலிருந்து வந்தது தெரிந்தது.

4. மனிதர் கொண்டுவந்ததையும் தானே நகர்ந்ததையும் பிரித்தறியுங்கள். ஓகீனியா ரோசேசியா என்ற ரோஜா நிற நத்தை தென் கலிபோர்னியாவில் சாதாரணம். கடல்நீர் வெப்பமேறியிருந்த 2015 ஜனவரியில் அது வட கலிபோர்னியா வரை பெருகிக் கிடந்தது. அதை யாரும் ஏற்றி வரவில்லை. மாறியது கடல், அதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

5. எதோடு வந்தது, எதைக் கொண்டுவந்தது என்று பாருங்கள். மெல்லிய ஓடுள்ள ஹாமினியா ஜப்பானிகா, வளர்ப்புக்காக ஏற்றுமதியான சிப்பிக் குஞ்சுகளோடு வடகிழக்கு ஜப்பானிலிருந்து பரவியதாக மரபணுச் சான்றுகள் காட்டுகின்றன. வட அமெரிக்காவில் அதை வேறோர் இனமென்று கருதி 1989இல் புதுப்பெயரே சூட்டிவிட்டார்கள். 2005இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அலமேடா கரையில் நீரில் இறங்கியவர்களுக்குத் தோல் அரிப்பு கண்டது. பறவைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு ஒன்று இந்த நத்தைக்குள் வளர்ந்து வெளிவந்ததே காரணம்.

6. பதிவை முழுமையாக்குங்கள். நாள், இடம், ஆழம், எண்ணிக்கை, மேய்ந்த இரை எல்லாம் வேண்டும். அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்; கொம்பும் செவுளும் தெளிவாகத் தெரியட்டும். முட்டைத் திரளைத் தேடுங்கள்: தனி நத்தை வழிதவறி வந்திருக்கலாம், இனப்பெருக்கமோ குடியேற்றத்தின் அறிகுறி. மாதிரி எடுக்க அனுமதி இருந்தால் அடர் எத்தனாலில் இடுங்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுக்கும்.

7. கண்டதும் நசுக்காதீர்கள். அடையாளம் தவறினால் சாவது உள்ளூர் உயிர். குடியேறிப் பெருகிய நத்தையைப் பொறுக்கி ஒழிக்கவும் முடியாது. வருமுன் தடுப்பதே வழி. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நிலைப்பு நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004இல் உருவாகி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. கப்பலடியில் ஒட்டி வருபவற்றுக்கும் சிப்பிக் குஞ்சுகளுக்கும் அதே கவனம் வேண்டும். எந்த வழியை முதலில் அடைப்பது என்று தீர்மானிக்க, தேதியும் இடமும் பிசகாத உங்கள் குறிப்பு உதவும். ஆகவே அவசரப்படாமல் பாருங்கள்; பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.