இந்த மாதப் பாடம்: கடல் வந்த நாளை எழுதி வைப்போம்



போன மாதம் எங்கள் ஊர்க் குழுக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டு இருந்தோம். பேச்சு எப்படியோ சுனாமிப் பக்கம் போனது. அப்போது குழுவில் புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஒன்று கேட்டது: "ஏன்க்கா, அன்னைக்கு தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? நம்ம தெருவுக்கும் வந்துச்சா?"

அந்தப் பொண்ணுக்கு வயசு 19. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அது பிறக்கவே இல்லை.

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் மூணு வந்தது. மாரியம்மன் கோயில் படி வரைக்கும் என்றார் ஒருவர். ரேஷன் கடை தாண்டி வந்தது என்றார் இன்னொருவர். வாய்க்கால் பாலத்தோடு நின்னுடுச்சு என்று மூணாவது அக்கா அடித்துச் சொன்னார். மூணு பேருமே அன்றைக்கு ஓடினவர்கள். கண்ணால் பார்த்த நமக்கே இருபது வருஷத்தில் இப்படி என்றால், இன்னும் இருபது வருஷம் போனால் அந்தப் பொண்ணு தன் பிள்ளைக்கு என்ன சொல்லும்?

எட்டு நிமிஷம்

இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. 2004-இல் பூமி பிளந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த ஊர்கள் அங்கேதான் இருந்தன. அதன் வடக்குக் கரையில் லாங்கி என்ற கிராமத்தில், நிலம் ஆடி எட்டு நிமிஷத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. பத்து மீட்டருக்கு மேல் உயரமான அலை. வீடெல்லாம் போனது. ஆனால் அந்தக் கிராமத்தின் 800 பேரும் உயிரோடு இருந்தார்கள். தீவு முழுக்க சுமார் 78,000 பேர். அலையில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

அவர்களிடம் சைரனும் இல்லை, எச்சரிக்கைக் கருவியும் இல்லை. 1907-இல் அதே தீவில் பெரிய அலை வந்து ஏராளமான பேரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்னாலே போனால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. இதைத்தான் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 97 வருஷம்! 2004-இல் நிலம் ஆடியதும் ஒருவர் "ஸ்மோங்" என்று கத்தினால் போதுமாக இருந்தது. என்ன, ஏது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

அந்தக் கதையைக் கேட்டு வளராத ஆச்சே மாநிலத்துக் கரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் இறந்தார்கள்.

இப்போது நம் கரைக்கு வருவோம். நிலநடுக்கம் நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை இங்கே வந்தது எட்டரை, ஒன்பது மணிக்கு. அவர்களுக்கு எட்டு நிமிஷம். நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலே. ஆனாலும் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போய்விட்டார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

ஆனால் சிமெலுவேக்காரர்களின் பாடத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால் நமக்கு ஆகாது. அவர்களுக்கு நிலநடுக்கமே மணி அடித்தது. நமக்கு நடுக்கம் வெகு தூரத்தில். பல ஊர்களில் பாத்திரம்கூட ஆடவில்லை. அதனால் நம் ஊர்க் கதை வேறாகத்தான் இருக்கும். சில இடங்களில் கடல் உள்வாங்கியது. மாமல்லபுரத்தில் அதுவரை பார்க்காத பாறையும் கல்லும் வெளியே தெரிந்தன. அதை வேடிக்கை பார்க்கப் போகாமல் திரும்பி ஓடியிருக்க வேண்டும் என்பது இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. அலை ஒன்றோடு நிற்காது, இடைவெளி விட்டு மறுபடி வரும், முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம் என்பதும் பட்டுத்தான் தெரிந்தது.

யார் போனார்கள்?

ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் ஒரு அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட மூணு பங்கு நாம்தான்.

ஏன்? அன்று ஞாயிற்றுக்கிழமை. மீன் ஏலம் எடுக்கவும் கூடை தூக்கவும் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். கடலுக்குள் தூரமாகப் போயிருந்த ஆண்களுக்கு அலை தெரியவே இல்லை. ஆழமான கடலில் அது அரை மீட்டர், ஒரு மீட்டர்தான் எழும்பும்; கரைக்கு வரவர ஆழம் குறைந்து மேலே எழுந்து நிற்கும். வீட்டில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தேடி உள்ளே ஓடினார்கள். சேலை காலைச் சுற்றியது. நீச்சல் தெரியாது, மரம் ஏறவும் யாரும் பழக்கவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர்கள் வங்கதேசத்துக்காரர்கள். 1970 புயலில் அங்கே குறைந்தது மூணு லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர். கணக்கு எடுத்துப் பார்த்தபோது, 20 முதல் 44 வயதுக்குள் ஆயிரத்துக்கு 15 ஆண்கள் என்றால் 71 பெண்கள் இறந்திருந்தார்கள். எச்சரிக்கை கேட்டும் புருஷன் வரட்டும் என்று வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு. கூட்டமான பாதுகாப்பு மையத்தில் தனி இடம் இல்லை என்று போகாதவர்கள் உண்டு. அது தெரிந்த பிறகு பெண்களுக்குத் தனி அறை வந்தது, ஆடுமாடு கட்ட மேடு வந்தது, வீடு வீடாகப் போய்ச் சொல்ல பெண் தொண்டர்களும் வந்தார்கள். இப்போது அங்கே புயல் தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். 2007-இல் வந்த சிடர் புயலும் லேசானது இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள். அதுவும் பெரிய துக்கம்தான். ஆனால் எண்ணிக்கை எங்கிருந்து எங்கே இறங்கியது என்று பாருங்கள்.

எங்கள் குழுவில் பட்டது

சுனாமியில் எங்கள் குழுவின் பேரேடும் தீர்மான நோட்டும் போய்விட்டன. யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதை ஞாபகத்தில் இருந்துதான் எழுதினோம். 3,000 ரூபாய் பாக்கி என்று ஒருவர், 1,500 தான் என்று இன்னொருவர். அந்த இரண்டு பேரும் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிர் போன நேரத்தில் இது பெரிசா என்று கேட்கலாம். ஆனால் குழு உடைந்திருந்தால் பிறகு வந்த கடன் உதவி எதுவும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதற்கப்புறம் மாதாமாதம் கணக்கின் நகல் ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. நஷ்டப்பட்டுக் கற்ற பழக்கம் இது.

இன்னொன்றும் சொல்லணும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்தது, ஊரே மேட்டுக்குப் போனது. அலை பெரிதாக வரவில்லை, சாயங்காலம் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். "சும்மா அலைய விட்டுட்டாங்க" என்று அன்று முணுமுணுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இந்தப் பேச்சுதான் ஆபத்து. அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களுக்கு நஷ்டம் அரை நாள் கூலி. அதையும் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த முறை தயங்குகிறவர்களுக்குக் காட்டலாம்.

என்ன எழுதுவது?

இந்த மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுனாமியோ, தானே புயலோ, கஜாவோ, ஏரி உடைந்த வெள்ளமோ, உங்கள் ஊரில் எது வந்ததோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எது வரை வந்தது என்பதை உட்கார்ந்து பேசாமல் நடந்து போய்ப் பாருங்கள். சுவரில் பெயிண்ட்டால் கோடு போட பஞ்சாயத்தில் கேளுங்கள். எந்த வழி அடைத்துக்கொண்டது, எந்த வழியில் ஓடினவர்கள் பிழைத்தார்கள், கர்ப்பிணியையும் நடக்க முடியாத பெரியவர்களையும் யார் தூக்கினார்கள், யாரை விட்டுவிட்டோம்? கடைசிக் கேள்விதான் கஷ்டம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் குழுவில் இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவராகப் பேசினால் நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து, பிறகு நோட்டில் ஏற்றலாம்.

நோட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று குழுவில், இன்னொன்று கூட்டமைப்பில். ஊக்குநர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்துவர வேண்டும்.

எங்கள் குழுவில் அந்த 19 வயசுப் பொண்ணிடம்தான் நோட்டைக் கொடுத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மூணு அக்காமாரையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில் இருந்து நடக்கப் போகிறது. கோயில் படியா, ரேஷன் கடையா, வாய்க்கால் பாலமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.