பெட்டகத்தில் இல்லாத பரிசு



2015-ல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சோப்பு, கொசுவலை உட்பட 16 பொருட்கள் இருந்தன. இப்படி அடிப்படைப் பொருட்கள் சேர்ந்துவிட்ட வீட்டுக்கு நாம் எதைக் கொடுக்கலாம்?

1. வழி: பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும், ரமணாசிரமத்தின் முன்பாகச் செல்லும் செங்கம் சாலையிலும், ஜனங்கள் நிறைந்திருப்பார்கள். 108 ஆம்புலன்சும் அந்தக் கூட்டத்தைக் கடந்தே வரவேண்டும். பிரசவ நாள் அதையொட்டி வந்தால், மருத்துவமனைக்கு அருகே தங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

2. இரத்தம்: பேறுகாலத்தில் மிகுந்த உதிரப்போக்கு தாயின் உயிரைப் பறித்துவிடக்கூடும். அவளுடைய இரத்தவகைக்கு ஏற்ற இருவரை முன்னதாகவே ஆயத்தப்படுத்துங்கள்.

3. துணை: மூத்த பிள்ளையை ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாள் எலிசபெத்திடம் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் (லூக்கா 1:56). அவள் என்ன கொண்டுபோனாள் என்று வேதம் சொல்லவில்லை, தங்கினதையே சொல்லுகிறது.