தெருமுனை கண்ட்ரோல் ரூம்: நம்ம ஏரியா லோக்கல் சேனலின் கதை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்போ இது கண்டிப்பாக நினைவிருக்கும். ரிமோட்டில் சேனல் மாற்றிக்கொண்டே போனால் நடுவில் ஒரு சேனல் வரும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் திருவிழா ஓடிக்கொண்டிருக்கும். கீழே "மனை விற்பனைக்கு", "டியூஷன் எடுக்கப்படும்" என்று எழுத்து நகரும். இடையில் யாரோ ஒரு குட்டிப் பாப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. நாம் சிரித்துவிட்டு அடுத்த சேனலுக்குத் தாவியிருப்போம். ஆனால் நம்ம தெருவும் நம்ம ஸ்கூல் ஆண்டு விழாவும் டிவியில் வந்தது அந்த ஒரு சேனலில்தான்.

அது எப்படி ஓடியது, ஏன் தேய்ந்தது, அதோடு எது காணாமல் போகப்போகிறது? இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

விசிஆரில் தொடங்கிய கதை

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அப்போது மொட்டை மாடி ஆன்டெனா மட்டும் போதும். எண்பதுகளின் நடுவில், விசிஆர் வைத்திருந்த சிலர் பக்கத்துத் தெருக்களுக்கு ஒயர் இழுத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். யோசித்துப் பாருங்கள், இதுதான் லோக்கல் சேனல்! சாட்டிலைட் சேனல்கள் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

1991-ல் வளைகுடாப் போர். அதே ஆண்டு ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. இவற்றைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும். வீட்டுக்கு வீடு டிஷ் வைக்க முடியுமா? ஒருவர் வைத்தார், மற்றவர்கள் மாதக் காசு கொடுத்தார்கள். விசிஆர் அண்ணன் கேபிள் ஆபரேட்டர் ஆனது இப்படித்தான். 1995-ல் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆபரேட்டர்கள் பதிவு செய்துகொள்ளப் பல ஆண்டுகள் போக வேண்டியிருந்த இடம் எது தெரியுமா? தலைமைத் தபால் நிலையம்!

ஒரு மாடுலேட்டர் போதும்

பழைய அனலாக் கண்ட்ரோல் ரூமுக்குள் போவோம். ஒரு சாட்டிலைட் சேனலுக்கு டிஷ், ரிசீவர், மாடுலேட்டர் மூன்றும் வேண்டும். ரிசீவரில் வரும் படத்தையும் ஒலியையும் மாடுலேட்டர் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஏற்றும். படம் ஏஎம் முறையில், ஒலி எஃப்எம் முறையில், படத்தின் கேரியரிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. எல்லா மாடுலேட்டர்களின் சிக்னலையும் கம்பைனர் சேர்த்து ஒரே கேபிளில் அனுப்பும்.

லோக்கல் சேனலுக்கு டிஷ் கிடையாது, டிரான்ஸ்பாண்டர் வாடகையும் கிடையாது. ஒரு விசிடி பிளேயர் அல்லது கம்ப்யூட்டர், ஒரு மாடுலேட்டர், அவ்வளவுதான். ஆபரேட்டரிடம் ஒயர் ஏற்கெனவே இருந்ததால், சேனல் தொடங்க ஆன கூடுதல் செலவு மிகக் குறைவு.

ஆனால் ஒயருக்கும் ஒரு விலை உண்டு. நம் வீட்டுக்கு வரும் ஆர்ஜி-6 கேபிள், 100 மீட்டர் தூரத்தில், 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 20 டெசிபல் தின்றுவிடும். அதாவது நூற்றில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். அதனால் வழியெங்கும் ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொன்றும் சிக்னலோடு கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். லைனின் கடைசி வீட்டில் மட்டும் படம் புள்ளிபுள்ளியாக வந்ததற்குக் காரணம் இதுதான். "அண்ணே, எங்க வீட்ல மட்டும் தெரியல" என்று போன் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை!

19 சேனல் கணக்கு

சென்னையில் 2003 செப்டம்பரிலேயே செட்டாப் பாக்ஸ் முறை வந்தது. மக்களிடம் பெரிதாக எடுபடவில்லை. 2011-ல் சட்டம் திருத்தப்பட்டு, டிஜிட்டல் கட்டாயம் ஆனது. சென்னை முதல் கட்டத்திலேயே இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அனலாக்கில் ஒரு சேனல் பிடித்த 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் 64-குவாம் வைக்கிறோம். ஒரு சிம்பலுக்கு 6 பிட். நொடிக்கு 6.875 மெகா சிம்பல் என்றால் 41.25 மெகாபிட். பிழை திருத்தத்துக்குப் போனது போக (188/204) சுமார் 38 மெகாபிட். ஒரு சாதாரண எஸ்டி சேனலுக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒன்று இருந்த இடத்தில் சுமார் 19 சேனல்!

இடம் பெருகினால் லோக்கல் சேனலுக்கு நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். சேனல்களைச் சுருக்கி, பூட்டி அனுப்பும் வேலை இப்போது பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்டில் நடக்கிறது. செட்டாப் பாக்ஸ் அந்த ஹெட்எண்ட் சொல்வதை மட்டும் கேட்கும். தெருமுனை மாடுலேட்டருக்கு வேலை போய்விட்டது. லோக்கல் சேனல்காரர் தன் சிக்னலை ஹெட்எண்டுக்கு அனுப்பி, அங்கே இடம் வாங்க வேண்டும். அது ஊர் முழுக்கப் போகும் என்றால், அம்பத்தூர் மரண அறிவிப்பு தாம்பரத்திலும் ஓடும். அங்கே யாருக்கு அது வேண்டும்?

காசு எங்கிருந்து வரும்?

விளம்பரம்தான். பக்கத்து நகைக்கடை, ஜவுளிக்கடை, கோச்சிங் சென்டர். விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது. இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உரிமை வாங்காமல் சினிமா போட்டுக் கூட்டம் சேர்த்த சேனல்களும் உண்டு. அது பதிப்புரிமை மீறல். நியாயப்படுத்த வழியே இல்லை. இன்று அந்தக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் விளம்பரம் செய்கிறார்கள்.

கரண்ட் போனால்?

2015 டிசம்பர் மழையை மறக்க முடியுமா? பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. "எந்தத் தெருவில் தண்ணீர்?" என்ற கேள்விக்கு லோக்கல் சேனல்தான் சரியான ஆள். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும், நம்ம டிவிக்கும் வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோது, மேலே தொங்கிய கேபிளும் சேர்ந்து அறுந்தது. பேட்டரியில் ஓடிய ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஊமையாகிவிடும் அமைப்பு அது. எதை டிசைன் செய்தாலும் இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள்.

90 நாளுக்குப் பிறகு?

2022 நவம்பரில் மத்திய அரசு இதுபோன்ற சேனல்களுக்கு விதிமுறை வெளியிட்டது. ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். 91-வது நாள்? அதைப் பாதுகாக்கும் கடமை யாருக்கும் இல்லை.

ஆவடி நகராட்சியோ மாநகராட்சியோ, எந்த நிலையிலும் அதன் தெருக்கள் எப்படி இருந்தன என்று அரசுக் கோப்பு காட்டாது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; அதற்கு முந்தைய கடைத்தெரு எப்படி இருந்தது? கோயில் தேர், வார்டு தேர்தல் கூட்டம், ஏரி நிரம்பிய நாள் என்று எல்லாமே ஏதோ ஒரு ஆபரேட்டரின் அலமாரியில் விஎச்எஸ், மினி டிவி கேசட்டாகப் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கலாம். காந்த நாடா காத்திருக்காது, பாஸ்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். இந்த லீவில் உங்க ஏரியா கேபிள் அண்ணனைப் போய்ப் பாருங்கள். பழைய கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள். விஎச்எஸ் கேசட்டுக்கு, ஓடும் நிலையில் ஒரு விசிஆர், ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவி, ஒரு லேப்டாப் போதும். பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், நாடாவும் கெடும். மாற்றிய ஃபைலுக்குத் தேதி, இடம், யார் எடுத்தது என்று பெயர் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அண்ணனிடமே கொடுங்கள். யாருடைய வீட்டு விசேஷமாவது அதில் இருந்தால், அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள்.

ஒரு கேசட்டைக் காப்பாற்றினாலும் போதும். நாம் சிரித்துவிட்டுத் தாண்டிப் போன சேனலுக்கு அந்தக் கடனையாவது அடைத்துவிடலாம்.