நிறம் நீங்கிய நீர்

தமிழ்த்துறை மலரில் சாயக்கழிவு நீரைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். 'சாயம் வெளுத்துவிட்டது' என்று வழக்கில் சொல்லும்போது, மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டுவிட்டது என்றே பொருள் கொள்கிறோம். இங்கு நாம் பேசப்போவதும் சாயம் வெளுப்பதைப் பற்றியே. ஆனால் ஆற்று நீரைப் பொறுத்தவரை, சாயம் வெளுத்த பின்னும் உண்மை மறைந்தே நிற்கிறது.

சென்ற கோடையில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் அழைத்ததன்பேரில் அவர்தம் ஆய்வகத்து மொட்டைமாடிக்குச் சென்றோம். மூன்று முகவைகளில் மெத்திலீன் நீலம் கரைத்த நீர் இருந்தது. மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி உப்பும் இட்டிருந்தார். அதன் நோக்கம் அப்போது நமக்கு விளங்கவில்லை. முதல் முகவையை அப்படியே வெயிலில் வைத்தார். இரண்டாவதில் ஒரு சிட்டிகை வெண்பொடியைக் கலந்து வெயிலில் வைத்தார். மூன்றாவதிலும் அதே பொடியைக் கலந்து, கருந்தாள் சுற்றி நிழலில் வைத்தார். அவ்வப்போது கலக்கிவிட்டுக் காத்திருந்தோம். லுஹர் தொழுகை முடிந்து திரும்பியபோது இரண்டாம் முகவையில் நீலம் அறவே இல்லை. பால் கலந்தாற்போன்ற வெண்கலங்கல் மட்டுமே இருந்தது. முதல் முகவை சிறிதே வெளிறியிருந்தது. வெயில் படாத மூன்றாவதும் ஓரளவு வெளிறியிருந்ததே நம்மை வியக்க வைத்தது. பொடியின் மேற்பரப்பில் சாயம் ஒட்டிக்கொண்டதால் நேர்ந்தது அது என்றார் பேராசிரியர். ஒட்டிய சாயம் அழிந்த சாயம் ஆகாது. இருட்டில் வைத்த முகவை இல்லையேல் இவ்விரண்டையும் நாம் ஒன்றெனவே எண்ணியிருப்போம்.

அந்த வெண்பொடி டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணத்திலும் பற்பசையிலும் நாம் காண்பதே அது. இப்பொருளாலான மின்முனையின்மீது ஒளி பட்டபோது நீர் பிளவுறுவதை 1972இல் ஜப்பானிய அறிஞர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 'நேச்சர்' இதழில் எழுதினர். 1977இல் ஃபிராங்க், பார்டு ஆகிய இருவர், நீரில் கலந்த சயனைடு நஞ்சை இதே முறையில் சிதைக்கலாம் எனக் காட்டினர். நீரைத் தூய்மை செய்யும் முயற்சிகள் அதன்பின் பெருகின.

வினை நிகழும் விதம் இதுதான். ஒளி பட்டதும் துகளினுள் ஓர் எலக்ட்ரான் தன் இடம் விட்டு உயர் ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் 'துளை' என்பர். துளை நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் உறுப்பு பிறக்கிறது. எதிர்ப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் தாக்கிச் சிதைக்கும் முரட்டு உறுப்பு அது. துகளோ வினையில் செலவாவதில்லை. ஆதலின் அதனை ஒளிவினையூக்கி என்கிறோம். துகள் சிறுக்கச் சிறுக்க வினை நிகழும் பரப்பு பெருகும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைப்பதே ஒரு நானோமீட்டர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

இடர்களும் உள. இப்பொருளைத் தூண்டுவது பெரும்பாலும் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரே. நம் வெயிலில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான். மேலும், அடர்ந்த சாயநீர் ஒளியை உள்ளே விடாது. எந்த நிறத்தைப் போக்க வேண்டுமோ அந்த நிறமே குடைபிடித்துத் தடுக்கிறது. வினை முடிந்தபின் இத்துணை நுண்ணிய துகளை நீரிலிருந்து எப்படிப் பிரிப்பது? கண்ணாடியிலோ மணிகளிலோ பூசி நிறுத்துகின்றனர். இரும்பு ஆக்சைடுடன் சேர்த்துக் காந்தத்தால் இழுக்கின்றனர். இதே பொருள் உணவில் வெண்மையூட்டியாகச் சேர்வதை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அதனை ஆற்றில் விட்டுவிட்டுக் கவலையற்றிருக்க இயலாது.

இனி நொய்யலுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே அணை எழுந்தது. அங்கே தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறவாதீர் என்று வேண்டினர், வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையை நிறைவேற்றிய பின்னரே அவை படிப்படியாக இயங்கத் தொடங்கின. பட்டறைகள் மூடிய நாட்களில் கூலியின்றித் தவித்த குடும்பங்களையும், உப்புப் பூத்த நிலத்தை விற்கவும் இயலாது நின்ற உழவரையும் ஒருசேர நினைப்பவர்க்கே இச்சிக்கலின் கனம் புரியும்.

உழவரின் நிலத்தைக் கெடுத்தது நிறம் மட்டுமன்று. பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமானால் சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு இட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுதும் கழிவிலேயே செல்கிறது. ஒளிவினையூக்கி உப்பை ஒன்றும் செய்யாது. மாறாக, உப்பிலுள்ள குளோரைடு ஹைட்ராக்சில் உறுப்பை விழுங்கி வினையைத் தளர்த்தவும் கூடும். சாயத்தின் கதையும் முழுமையாக முடிவதில்லை. அசோ சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பு அறுந்தவுடன் நிறம் போய்விடும். சிதைவு பாதியில் நின்றால், எஞ்சும் அமீன்களுட் சில புற்றுநோய் விளைவிப்பவை. அவற்றைக் கண்ணால் காண இயலாது.

அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் என்னும் மூன்றில் ஒன்று மாறினும் அந்நீர் ஒளூவுக்கு ஆகாது என்று நம் இல்லத்துப் பெரியவர்கள் கற்பித்தனர். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அம்முறையை இங்கும் கொள்ளலாம். ஒளிவினையூக்கியை வேண்டாமென நாம் சொல்லவில்லை. நுண்ணுயிரிகளால் எளிதில் சிதையாத சாயத்தையும் அது சிதைக்கிறது. உப்பை வடிக்கும் சவ்வுகளுக்கு நீர் செல்லுமுன் இதற்கோர் இடமுண்டு. நிறம் போனதைக் காட்டி வேலை முடிந்தது என்பாரிடமே நமக்குப் பிணக்கு.

அன்று மாலை பேராசிரியர் உப்பளக்கும் கருவியை மூன்று முகவைகளிலும் தோய்த்தார். நீலமாய் நின்ற முகவையிலும் நிறமற்ற முகவையிலும் அது ஏறத்தாழ ஒரே எண்ணையே காட்டியது.